மழைச் சேதி போட்டதுக்குக் குரூப்பை விட்டுத் தூக்கிட்டாங்க

கம்பைநல்லூர் பக்கம் எங்க ஊர் வாட்ஸப் குரூப்ல முந்தாநாள் மழை எச்சரிக்கையைப் போட்டேன். "ரெண்டு நாள்ல கனமழை வருதாம். ரோட்ல ராகி காயப்போட்டவங்க அள்ளிருங்க."

அட்மின் அண்ணன் அதை அழிச்சிட்டார். "எப்பப் பாரு வறட்சி, வெள்ளம்னு பயமுறுத்திக்கிட்டு! நல்லதைப் போடுங்க தம்பி"ன்னு என்னையும் தூக்கிட்டார்.

இன்னிக்கு மத்தியானம் கொட்டித் தீர்த்துச்சு.

பக்கத்து வூட்டுக் கமலாக்கா தார் ரோட்ல காயப்போட்டிருந்த ராகிக் கதிர் பாதி சாக்கடையில போயிருச்சு. அவங்க வூட்டுக்கு வருசம் பூரா களி அதுலதான். "குரூப்ல ஒண்ணும் வரலையே கண்ணு"ன்னு நனைஞ்ச கதிரைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க.

அட்மினை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லாத என்னையும் செருப்பால அடிக்கணும்.

அந்த நேரம் பார்த்து அட்மின் போன் பண்றார். "தம்பி, மழை எப்ப நிக்கும்னு போட்டிருக்காங்களா? என் ராகியும் ரோட்லதான் கெடக்குது."

"உங்க குரூப்ல கேளுங்க"ன்னு கட் பண்ணிட்டேன்.

உடனே என்னைத் திரும்பச் சேர்த்துட்டார். உள்ளே போய்ப் பார்த்தா, அவரே போட்ட படம்: மழையில நனையிற ரோஜாப்பூ. கீழே "இனிய மாலை வணக்கம்".

நீங்களா இருந்தா இதுக்கு என்ன பதில் போடுவீங்க?