நடக்காது என்று நான் சொன்ன தேர்தல்

மூன்று வருஷத்துக்கு முன், மாசி மாதத்தில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் வக்கீல் குமாஸ்தா. பத்தொன்பது வருஷமாக ஒரே வக்கீலிடம் கேஸ் கட்டுத் தூக்குகிறேன். வரப்புத் தகராறு, வண்டிப்பாதைத் தகராறு, பாகப்பிரிவினை என்று எங்கள் கரிசக்காட்டுக் கேஸ் எதுவும் லேசில் முடியாது. வாய்தாவுக்கு மேல் வாய்தா போகும். கட்சிக்காரர்கள் வக்கீலைக் கேட்பதற்கு முன் என்னைத்தான் கேட்பார்கள், இன்றைக்கு என்னாகும் என்று. நானும் சொல்லுவேன். பெரும்பாலும் சொன்னபடியே நடக்கும். அதில் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வடநாட்டுத் தம்பதி ஒன்று வாடகைக்கு இருந்தது. இரண்டு பேருக்கும் நூல் மில்லில் வேலை. சொந்த ஊர் வடக்கே ஒரு காட்டு மாவட்டம், நக்சலைட்டுகள் நடமாட்டம் உள்ள பகுதி. புருஷன் அதிகம் பேசமாட்டான். அந்தப் பெண் மட்டும் நாலே வருஷத்தில் எங்கள் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று மீன்காரரிடம் அவள் பேரம் பேசினால், விளாத்திகுளத்துக்காரி என்றுதான் நினைப்பீர்கள்.

அந்த வருஷம் அவள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்தார்கள். அவளுடைய அக்கா தலைவர் பதவிக்கு நின்றாள். தேர்தலைப் புறக்கணிக்க வேண்டும், ஓட்டுப் போட்டால் மை வைத்த விரல் இருக்காது என்று நக்சலைட்டுகள் மரங்களில் போஸ்டர் ஒட்டியிருந்தார்களாம். ஊரில் யாரும் அக்காவோடு வெளியே வரத் தயாராக இல்லை. வாக்குச்சாவடியில் ஏஜென்ட்டாக உட்காரக்கூட ஆளில்லை. நீ வா, ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் போனால் பின்னால் நாலு பேராவது வருவார்கள் என்று அக்கா போனில் கூப்பிட்டிருக்கிறாள். இவள் மில்லில் லீவு சொல்லி, டிக்கெட்டும் போட்டுவிட்டாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. அக்காவுக்கும் பயந்தான்" என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், வாசலில் காயப்போட்டிருந்த உளுந்தை அள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். புருஷன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அந்தப் பகுதியில் இப்போது தேர்தல் நடத்தினால் உயிருக்கு ஆபத்து, நிலைமை சரியாகும்வரை தள்ளிவைக்க வேண்டும் என்று யாரோ அந்த மாநில ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார்கள். கோர்ட் அரசாங்கத்திடம் பதில் கேட்டு வேறு தேதி கொடுத்திருந்தது. அந்தத் தேதி ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால். அவள் நேராகக் கேட்டாள்: "தேர்தல் நடக்குமா, நடக்காதா அண்ணாச்சி?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பதில் கேட்டாச்சுல்லா? அரசாங்கத்துல பதில் போட டைம் கேப்பாவ. கேஸ் போட்டவிய அதுக்கு ஒரு பதில் போடணும்பாவ. வாய்தா மேல வாய்தாதான். அதுவரைக்கும் தேர்தலை நடத்தவா விடுவாவ? இது நடக்காதும்மா. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு" என்றேன்.

அவள் அங்கே போகாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. ஆனால் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருத்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

இரண்டு பேரும் உள்ளே போய் ரொம்ப நேரம் அவர்கள் பாஷையில் பேசினார்கள். பிறகு டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வக்கீலே இப்படி அடிச்சுச் சொல்ல மாட்டாவ. நீங்க யாரு தீர்ப்பு சொல்லுததுக்கு?"

"ஒனக்கு என்னட்டி தெரியும் கோர்ட்டைப் பத்தி" என்று அவள் வாயை அடைத்தேன்.

குறித்த தேதியில் கோர்ட் ஒரே மூச்சில் வழக்கை முடித்துவிட்டது. மனு தள்ளுபடி. கூடுதல் பாதுகாப்புப் போட்டு, சொன்ன நாளில் தேர்தலை நடத்தச் சொல்லிவிட்டார்கள். புருஷன் மில்லிலிருந்து போன் செய்து சொன்னபோது நான் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

நேரே வக்கீலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு கோர்ட் லேசில கை வைக்காதுய்யா. வரப்புக் கேஸும் தேர்தல் கேஸும் ஒண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார். கேட்டிருக்கலாம். அவர் மேஜைக்கு அடுத்த மேஜைதான் என்னுடையது. எழுந்திருக்காமலே கேட்டிருக்கலாம்.

மத்தியானம் சாப்பிடாமல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த வண்டியைப் பிடித்தாலும் ஓட்டுப்பதிவுக்கு மறுநாள்தான் அவளால் ஊர் போய்ச் சேர முடியும். விமானத்துக்கும் விசாரித்தேன். இறங்கினாலும், காட்டுப் பக்கம் பஸ்ஸை எல்லாம் தேர்தலுக்காக நிறுத்திவிட்டார்கள் என்று புருஷன் சொன்னான். அவன் குரலில் வருத்தம் தெரியவில்லை. அவனுக்கு அவள் போகாததில் நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

ஓட்டுப்பதிவு அன்று அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். எனக்குத்தான் கோர்ட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் அவள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். அக்கா போன் செய்துவிட்டாளாம். காலையில் தனியாக நடந்துபோய் ஓட்டுப் போட்டிருக்கிறாள். அப்புறம் முடிகிற வரைக்கும் வாக்குச்சாவடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து ஊரிலிருந்து கொஞ்சம் பேர் போலீஸ் காவலோடு வந்து போட்டுவிட்டுப் போனார்களாம். அவளுடைய ஊரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலைல்லா? அதுவே பெரிசும்மா" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அவள் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் போயிருந்தா ரெண்டு பேரு, அண்ணாச்சி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அக்கா தோற்றுப்போனாள். அவளுக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. இவர்கள் இன்னும் எங்கள் பின்கட்டில்தான் இருக்கிறார்கள். முகம் கொடுத்துப் பேசுகிறாள், என் மனைவியோடு கடைக்குப் போகிறாள், பொங்கலுக்கு வாசலில் கோலம்கூடப் போடுகிறாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததில்லை. ஆதார் கார்டில் ஒரு திருத்தம் என்றால்கூட வேறு யாரிடமோ கேட்டுக்கொள்கிறாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போன தேர்தலில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். முன்னாலும் பின்னாலும் ஆட்கள், ஊர்க்கதை பேசிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு. முகம்கூடத் தெரியாத அந்த அக்காவின் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வாசலில் நின்று, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், நாள் முழுக்க அவள் பக்கத்தில் அவளுடைய தங்கையாவது உட்கார்ந்திருப்பாள்.