லிங்க் ராடு மாற்றிய நர்ஸ்

நான் வசிக்கும் கனடாச் சிற்றூரில் சனிக்கிழமை காலைகளில் டாக்டர்கள் காருக்கு அடியில் படுத்திருப்பார்கள். போன புதிதில், பக்கத்து வீட்டு டாக்டரம்மாவின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, விபத்து என்று பதறி ஓடி, கணுக்காலில் நாடி பார்த்தேன். உள்ளிருந்து "ஃபோர்ட்டீன் மில்!" என்று குரல் வந்தது. நர்ஸ் புத்தி, "பதினாலு மில்லியா, எந்த மருந்து?" என்று கேட்டேன். அவர் கேட்டது பதினாலாம் நம்பர் ஸ்பேனர். அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அது காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும். அதனால் பாதி ஊர் தன் கையாலேயே கழற்றி மாட்டும். நானும் அந்த டாக்டரம்மாவின் துணையோடு, என் காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் சாண் நீளத்தில் இருக்கும் லிங்க் ராடு என்ற கம்பியை மாற்றினேன். ஒரே ஒருமுறை. அந்தத் திமிரோடுதான் இந்த முறை லீவுக்குத் திண்டுக்கல் வந்தேன்.

அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளி வாத்தியாரான அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டது வரை எல்லாம் செய்தார். நான் வீடியோ காலில் மருந்துப் பெயர்களைச் சரிபார்த்தேன். வந்த மறுநாள் அண்ணனின் பழைய காரில் மாதா கோயிலுக்குப் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் 'டக் டக்' என்றது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு மதுரை வரை இதே காரில் போக வேண்டும்.

"லிங்க் ராடு போயிருச்சுண்ணே, அதான் இந்தச் சத்தம். நானே மாத்திடுறேன்."

"மெக்கானிக்க வரச் சொல்றேன் பாப்பா. அரை மணி நேர வேலை."

"அங்க எல்லாரும் வீட்டுலயே மாத்துவாங்கண்ணே."

புதுக் கம்பிகளை வாங்கி வந்து, அண்ணனின் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, டிக்கியிலிருந்த ஜாக்கியால் காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். நட்டைத் திருப்பினால் கம்பியின் முனையும் கூடவே சுற்றியது. ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கனடாவில் அதைப் பிடித்தவர் டாக்டரம்மா என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டு அக்கா செத்த நேரம் நின்று பார்த்தார்.

"ஏம்மா, அங்க நர்ஸுன்னுல்ல சொன்னாங்க?"

"நர்ஸ்தான்க்கா."

"அப்புறம் ஏன் உன்னய இப்படிப் போட்டு வேல வாங்குறானுக?"

சாயங்காலத்துக்குள் எனக்கு நர்ஸ் வேலை போய்விட்டதாகவும், கனடாவில் பட்டறையில் இருப்பதாகவும் தெரு முழுக்கச் செய்தி.

விரல் முட்டிகள் உரிந்து ரத்தம் வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, "போதும்த்தா, வந்து உக்காரு. நீ வந்ததே போதும்" என்றார். எனக்கு அது போதவில்லை. நான் எழவில்லை.

பள்ளி விட்டு வந்த அண்ணன் பையை வைத்துவிட்டு, கட்டிங் பிளேயரால் முனையைப் பிடித்துக்கொண்டார். நட்டு கழன்றது. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு, நானே ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கியும் சத்தமே இல்லை. "எம் மக கை லேசுப்பட்ட கையா!" என்றார் அம்மா. அன்று நான் நடந்த நடையில் கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை, அதுவரை வாசலிலேயே கிடந்த ஜாக்கியை டிக்கியில் வைத்துவிட்டு நானும் அண்ணனும் பெட்ரோல் போடப் போனோம். முதல் வேகத்தடையிலேயே 'டக் டக்'. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த ஜாக்கியைப் பழைய துண்டில் சுற்றி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இறுக்கமாகச் செருகினார். அப்புறம் சத்தம் வரவில்லை.

"அப்ப லிங்க் ராடு நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?"

"அதுவும் போயிருந்திருக்கும் பாப்பா. அம்மாட்டச் சொல்லாத."

வெள்ளிக்கிழமை அண்ணன் ஓட்ட, அம்மா முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அண்ணன் வேகத்தைக் குறைப்பார். அதே நொடியில் அம்மா கைப்பிடியைப் பற்றி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வார். இருவருக்கும் நான்கு மாதத்தில் படிந்த பழக்கம். நான் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பிந்தினேன். இடுப்பு இருக்கையில் மோதியது. கொடைரோடு தாண்டியதும் மறுபடி வேகம் குறைந்தது. இந்த முறை விடக்கூடாதென்று நானும் கைப்பிடியைப் பற்றி எழும்பினேன். முன்னால் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேகத்தடை எதுவும் இல்லை. ஓர் ஆடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அது கடந்து முடியும் வரை நான் உட்காரவுமில்லாமல் நிற்கவுமில்லாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன்.