கோட்டுக்கு வெளியே அரை அங்குலம்

கத்திரியக்கா என்றால் அந்தத் துணிக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். டிசைனர் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் அவளைக் கைகாட்டமாட்டார்கள். பதினோரு வருஷமாக நடந்த அநியாயம் இது. பழுப்புக் காகிதத்தில் உடையின் ஒவ்வொரு துண்டையும் யோசித்து வரைபவள் அவள். பெண்கள் சட்டையில் கை முழுதாக நுழையும் பை வேண்டும் என்று சண்டை பிடித்து வைத்தவளும் அவள்தான். சம்பளச் சீட்டில் 'கட்டிங்' என்று ஒற்றைச் சொல். விளம்பரத்தில் முதலாளியின் சிரித்த முகம்.

வேறொரு பெரிய நிறுவனத்தில் டிசைனர் வேலை காலியானது. விண்ணப்பத்தோடு வைக்கும் படங்கள் அவளே வரைந்தவைதான் என்று இப்போதைய கம்பெனியில் எழுதி வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் தரச் சொன்னார்கள். முதலாளியிடம் கேட்டாள்.

"இங்க வரையறதெல்லாம் கம்பெனியோடதும்மா. உன்னோடதுன்னு எதுவும் கிடையாது."

மறுநாளே அவருடைய அண்ணன் மகள், ஆறு மாதப் படிப்பு முடித்த கையோடு, டிசைனராக வந்து இறங்கினாள். கத்திரியக்காவின் அலமாரியிலிருந்த கோடைகால மேல்சட்டைக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போய், "என்னோட முதல் கலெக்‌ஷன்" என்று அறிவித்துவிட்டாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வெட்டுகிற வேலையைக்கூடக் கத்திரியக்காவுக்குத் தரவில்லை. பட்டன்களை நிறம் பிரிக்க அனுப்பினார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காகிதத்தில் உடம்பின் அளவை மட்டும்தான் வரைவாள். தையலுக்கு விடவேண்டிய அரை அங்குலத்தை, வெட்டும்போது துணியைத் தடவிப் பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வாள். இது காகிதத்தில் எங்கும் எழுதியிருக்காது. அண்ணன் மகள் கோட்டின் மேலேயே வெட்டவைத்தாள். நாற்பது மேல்சட்டைகள். வியாழக்கிழமை போட்டுக்காட்ட வந்த பெண்ணுக்கு முழங்கைக்கு மேல் சட்டை ஏறவில்லை.

"பேட்டர்னே தப்பு சித்தப்பா!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முதலாளி கத்திரியக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"தையலுக்கு இடம் விடாம எவளாவது வரைவாளா?"

"நான் துணியிலதான் விடுவேன் சார். இது அவங்க கலெக்‌ஷன்தானே, அவங்களக் கேளுங்க."

அண்ணன் மகள் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். முதலாளி கணினி முன்னால் உட்கார்ந்து விறுவிறுவென்று ஒரு கடிதம் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு நீட்டினார். 'மேற்படி மேல்சட்டைகள் முழுவதையும் வடிவமைத்து வரைந்தவர் இவரே. ஆகவே சேதத்துக்கு இவரே பொறுப்பு.'

பதினோரு வருஷமாக வராத வார்த்தை, பழி போட வேண்டும் என்றதும் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கத்திரியக்கா முதல் வரியை மறுபடி படித்தாள். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதினாள்.

"எனக்கொரு காப்பி குடுங்க சார். அதுலயும் சீல் வேணும்."

"எதுக்கு?"

"நீங்க எழுதித் தரமாட்டேன்னு சொன்னத, இப்ப நீங்களே எழுதியிருக்கீங்க."

மறுநாள் காலை, பழியும் சேர்ந்தே இருந்த அந்தக் கடிதத்தை, ஒரு எழுத்தையும் மறைக்காமல், விண்ணப்பத்துக்கு மேல் வைத்து அந்தப் பெரிய நிறுவனத்தில் கொடுத்தாள்.