போலாரத்துக்குப் போன மொட்டைக் கேக்

கல்யாண கேக்கை மேசையில் வைத்ததும் மண்டபத்தை விட்டு ஓடிவிடுவேன். கத்தியைப் பார்க்கச் சகிக்காது. உயிரைக் கொடுத்து வழவழப்பாக்கிய ஐசிங்கில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டே கத்தியை இறக்குவதை நின்று வேடிக்கை பார்க்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

வங்கி வேலையை விட்டுவிட்டு, தார்நாகாவில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே கேக் தொழில் தொடங்கியவள் நான். செகந்திராபாத்தின் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் குடும்பங்கள்தான் என் வாடிக்கையாளர்கள். ருசியைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லும் வேலையை நானே மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். ஐசிங் பூவில் ஒரு இதழ் கோணினால் போதும், அந்த அடுக்கையே சுரண்டிவிட்டு மறுபடி பூசுவேன்.

அந்தக் குணம் ஒரு கல்யாணத்தில் என் மானத்தை வாங்கியது. வழியில் வேகத்தடையில் கார் குதித்து, கேக்கின் ஓரத்தில் விரிசல் விட்டது. விரலால் தடவி மறைத்திருக்கலாம். நானோ ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம் காரை வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன். முழுவதையும் வழித்து, புதிதாகப் பூசிப் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துக் கடையில் அவசரமாக வாங்கிய கேக்கை வெட்டி முடித்திருந்தார்கள். என் கேக் ஒரு குறையும் இல்லாமல் என்னோடு வீடு திரும்பியது.

செய்தி சபை முழுக்கப் பரவி, ஆர்டர்கள் நின்றுபோயின. போலாரத்தில் ஒரு கல்யாணம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. மூன்றடுக்கு பிளம் கேக். அதிலும் சொதப்பினால் மறுபடி யாரிடமாவது வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

என் குணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது: ரோடு எப்படியும் உடைக்கப்போவதை வீட்டில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறேன். அதே பிடிவாதத்தை மண்டபத்தில் காட்டினால் என்ன? வெள்ளைப் பூச்சோடு மட்டும் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோவது, பூவும் கொடியும் அங்கே போய் வரைவது என்று முடிவு செய்தேன். ஆனால் அரைகுறை வேலையை நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றியது.

கிளம்பும்போது கை துறுதுறுத்தது. "ஒரே ஒரு பூ வச்சிடட்டுமா?" என்றேன் கணவரிடம்.

"நக்கோ, வேணாம். தொட்டீன்னா சாயங்காலம் வரைக்கும் விடமாட்ட. காய்கு, எதுக்கு டென்ஷன் ஆவுற?"

பெட்டியை நானே மூடினேன்.

போலாரம் மண்டபத்தில் அடுக்கி வைத்ததும் பெண்ணின் அம்மா ஓடி வந்தார். "என்ன சிஸ்டர், கேக்கு மொட்டையா நிக்குது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்குறாங்களே!"

"வெட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும் சிஸ்டர்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

நடு அடுக்கில் ஒரு விரிசல் இருக்கத்தான் இருந்தது. கொடியை அதன் மேலேயே ஓடவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. "ஆன்ட்டி, இக்கட இன்னொரு ரோஸ் பெட்டண்டி" என்று ஒரு வாண்டு தெலுங்கு கலந்து, இங்கே வை என்று உத்தரவு போட்டது. போட்டேன். கோணலாக விழுந்தது. சுரண்டக் கை போன அதே நேரம் வாசலில் பேண்டு முழங்கியது. ஜோடி வந்துகொண்டிருக்கிறது. அந்த ரோஜா பின்பக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். கத்தி இறங்கும் முன்பக்கத்துக்கு நகர்ந்து, கடைசிப் பூவுக்கு என் பிடிவாதம் அத்தனையையும் கொடுத்தேன். ஒவ்வொரு இதழும் சொன்னபடி கேட்டது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜோடிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று ஒதுங்கினேன். பெண்ணின் அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். "ஹௌ சிஸ்டர், ஆமா, உங்களுக்குத்தான்! இனிமே எங்க வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் இப்பிடி ஹால்ல வந்துதான் போடணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத் தேதியைச் சொல்லி என்னைப் பேசிவைத்துக்கொண்டார்கள்.

பிறகு கத்தி இறங்கியது. நான் ஓடவில்லை. என் அழகான பூ இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள், நானும் சேர்ந்து கத்தினேன்.

என் தட்டுக்கு வந்தது கோணல் ரோஜா இருந்த துண்டு. நான் செய்த கல்யாண கேக்கை நான் தின்றது அன்றைக்குத்தான். தின்று முடித்து, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.