எரித்த பிறகு மாற்ற முடியாத சில்லு

போன வாரம் மகள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. வந்த பையன் கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. மொபைலை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையோ தட்டினான். "அப்டேட் போட்டிருக்கேங்க, பிடிக்கலைன்னா பழசுக்கே மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பழசுக்கே மாற்றிக்கொள்ளலாமாம்! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் கட்டளையிடும் பெட்டிகளைச் செய்தோம். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் விரல் நகத்தளவு சில்லுக்குள், அதாவது சிப்புக்குள், இருக்கும். கரண்டு போனாலும் அது மறக்காது. இரண்டு ஜாதிச் சில்லுகள் எங்களிடம் இருந்தன. ஒன்றின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஊதா விளக்குப் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் எழுதியது அழிந்துவிடும், மறுபடி எழுதலாம். இன்னொன்றுக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகள். வேண்டாத கம்பியை மின்சாரத்தால் எரித்துத்தான் அதில் எழுத வேண்டும். எரித்தால் எரித்ததுதான். மேலதிகாரிகளுக்கு ஜன்னல் வைத்தது பிடிக்கும். சூட்டிலும் தூசியிலும் கிடக்கப்போகிற பெட்டிகளுக்கு நான் மற்றதைத்தான் கேட்டு வாங்குவேன்.

"இன்னைக்கு நெறைய எரிக்கணும்" என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலை தவிர வேறு உலகம் தெரியாத என் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்கண்ணு, அடுப்பெரிக்கறதுக்கா அத்தனை படிச்சே?" அதன்பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் என் உத்தியோகத்துக்கு அதுதான் பெயர்.

அடுப்பு என்றதும் பீர்மேடு ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியின் டிரையருக்கு எங்கள் பெட்டியைப் பொருத்தினோம். டிரையர் என்பது வீட்டளவு அடுப்பு. உள்ளே சங்கிலியில் கோத்த தட்டுகள் இலையைச் சுமந்து மெல்ல நகரும். அந்தக் கருகல் வாசனை சேலையில் ஏறிவிட்டால் நாலு தடவை துவைத்தாலும் போகாது. என்னோடு வந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரரான ராமநாதன் சார், என் பிரிவின் மூத்தவர். மலைவளைவு ஒவ்வொன்றிலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தது அவரல்ல, நான்தான்.

பெட்டி நன்றாகவே ஓடியது, கரண்டு போகும்வரை. தட்டுகள் நின்றதும், துப்புரவு வேலை செய்யும் வேலம்மா டிரையரின் வாய்ப்பக்கம் சிக்கிய தூளைக் கையை விட்டுக் கூட்டியிருக்கிறார். கரண்டு திரும்பி வந்தது. தட்டுகள் தாமாகவே நகர்ந்தன. ஓடிவந்த ஒருவர் மெயின் சுவிட்சை இழுத்து நிறுத்தினார். வேலம்மாவின் சட்டைக்கை கிழிந்திருந்தது, முழங்கைவரை தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

"கரண்டு போச்சேன்னுதான் கைய விட்டேன். அது தானா இழுத்துருச்சு தாயி" என்றார். குரலில் புகார் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரண்டு அடிக்கடி போய்வரும் மலையை எங்கள் பெட்டிக்கு வரைபடம் போட்டவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஃபேக்டரியை நடத்திய டீமேக்கர் நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே பறித்த கொழுந்து மலையாகக் குவிந்திருந்தது. விட்டால் புளித்துப்போகும். "ஆளை அந்தப் பக்கம் விடாம ஓட்டிக்கிடுதோம். நீங்க பெட்டியக் கொண்டுபோயி கீழ வச்சு நிதானமா சரிபண்ணுங்க, கொழுந்து தீர்ந்ததும் தாரேன்" என்றார்.

"இல்லீங்க. இது இப்படியே இன்னொரு தடவை ஓடக்கூடாதுங்க. இங்கயே மாத்திடறேனுங்க" என்றேன்.

ராமநாதன் சார் என்னைத் தனியே அழைத்துப்போனார். பெட்டிக்குள் இருந்தது எரித்து எழுதிய சில்லு, கையில் வேறு புதுசு கிடையாது. ஜன்னல் வைத்த சில்லு ஒன்று இருந்தது, ஆனால் அதில் பழைய எழுத்து இருந்தது. ஊதா விளக்கோ பாலக்காட்டில். வெயிலில் காயவைத்து அழிக்கலாமென்றால் பீர்மேட்டில் அந்த மாதம் சூரியனே இல்லை. "எரிச்சது எரிச்சதுதான், கேட்டியா. ஒண்ணு தப்பிப்போனா சில்லும் போச்சு, மிஷினும் நிக்கும்" என்றார்.

எரித்ததை மீட்க முடியாது என்பது சரி. ஆனால் எரிக்காததை இன்னும் எரிக்கலாமே. எங்கள் சில்லில் முழுக்கம்பி என்றால் 'ஓடு', எரிந்த கம்பி என்றால் 'நில்'. எனக்கு வேண்டியது கூடுதலாகச் சில 'நில்'கள் மட்டும்தான். தொடக்கப் பொத்தானை அமுக்கினார்களா என்ற செய்தி ஏற்கெனவே சில்லுக்குள் வந்துகொண்டிருந்தது, பச்சை விளக்கை எரிய வைக்க மட்டும். கரண்டு போனால் அந்தச் செய்தியும் அறுந்துபோகும். யாராவது மறுபடி பொத்தானை அமுக்காதவரை எல்லா நிலையிலும் 'நில்' என்று எரித்துவிட்டால் தீர்ந்தது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தானே முதலிலிருந்து சரிபார்த்தார். "சரிதான். எரி" என்றார்.

லைன் கரண்டை நம்பாமல் டீமேக்கரிடம் டீசல் ஜெனரேட்டர் கேட்டேன். முகம் சுண்டினாலும் போட்டுக் கொடுத்தார். ராமநாதன் சார் இடங்களை வாசிக்க, நான் கையோடு கொண்டுபோயிருந்த எரிக்கும் கருவியின் பொத்தானை அமுக்கினேன். எனக்கு அது சரியென்று தெரியும்.

சில்லைத் திரும்பப் பொருத்தி, டிரையரை ஓடவிட்டு, மெயினை இழுத்தோம். தட்டுகள் நின்றன. மெயினைப் போட்டோம். தனி இணைப்பில் ஓடும் காற்று விசிறி உறுமியது, தட்டுகள் அசையவில்லை. மறுபடி, மறுபடி. அசையவில்லை.

கட்டுப்போட்ட கையோடு தூர நின்ற வேலம்மாவைக் கூப்பிட்டு, பொத்தானை நீங்களே அமுக்குங்க என்றேன். டீமேக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு அமுக்கினார். தட்டுகள் நகர்ந்தன.

"இப்பதான் நாம சொன்னாக் கேக்குது" என்றார்.

கொழுந்தில் ஒரு பங்கு புளித்துத்தான் போனது, ஓடையில் கொட்டினார்கள். டீமேக்கர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்து இரண்டு டிரையர்களுக்குப் பெட்டி கேட்டு எழுதியபோது, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு அந்த வழியே போனேன். ஃபேக்டரியின் தகரக்கூரையைக் கழற்றி விற்றிருந்தார்கள். டிரையர் இருந்த இடத்தில் கோரைப்புல். இரும்போடு இரும்பாக எங்கள் பெட்டியும் எடைக்குப் போயிருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இப்போது வடக்கேயிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். முக்கில் இருந்த டீக்கடையில் வேலம்மாவைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. உள்ளே திரும்பித் தன் அப்பாவைக் கேட்டார். சங்கரன்கோவில் பக்கம் போனதாக ஞாபகம் என்றார் அவர், பிறகு, அது வேற வேலம்மாவோ என்னவோ என்றார்.