சாயம் வெளுத்த கதை

எக்ஸ்ரே எடுக்கிற அந்தப் பெரியவரை நினைத்தாலே, ஒரு தையல்காரம்மாவிடம் அவர் பேசியதுதான் இவளுக்கு முதலில் காதில் விழும். இவள் அவருக்கு உதவியாக அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. மேஜையில் படுத்திருந்த தையல்காரம்மா கேட்டாள்:

"சாய ஊசி போடுவாங்கன்னாங்களே, என்ன கலர் சார்?"

"உங்களுக்கு என்ன கலர் வேணும்? துணிக்கடைக்கா வந்திருக்கீங்க?"

"இல்ல சார், உள்ளேயே ஒட்டிக்கிட்டா? துணின்னா ரெண்டு தடவை அலசிடலாம்."

"அது தண்ணி மாதிரிதாம்மா இருக்கும். ரத்தத்துல கலந்து சிறுநீரகம் வழியா இறங்கும். படத்துல வெள்ளையாத் தெரியும். உங்க கடையில சாயம் வெளுத்தா துணி போச்சு. இங்க வெளுத்தாத்தான் சிறுநீரகம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சரி, மூச்சை விட்டுட்டு அப்படியே அடக்குங்க."

அடக்கினாள். பொத்தானை அழுத்தியவர், தன் பேச்சில் தானே சொக்கிப்போய், "எப்படி?" என்று இவளைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் முகம் தக்காளியாகிக் கொண்டிருந்தது.

"சார்..." என்றாள் இவள்.

"என்ன?"

"மூச்சு."

"அட! எடுங்கம்மா, எடுங்க! நான் சொல்லாட்டி அப்படியே இருந்துடுவீங்களா?"

இருபத்தாறு வருடமாக அந்த அறை அவருடைய ராஜ்ஜியம். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் மூச்சுக்காரர். 'அடக்குங்க' என்பது மாடிப்படி வரைக்கும் கேட்கும். 'எடுங்க' மட்டும் தொண்டையோடு நின்றுவிடும். அதிகம் வாய் திறக்காத இவளுக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ.

அவருடைய கோபமெல்லாம் மாத்திரை முழுங்காமல் வருகிறவர்கள் மேல்தான். முந்தின நாளே நாலு மாத்திரை போட்டு வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இல்லையென்றால் வாயுவும் மலமுமாகச் சேர்ந்து சிறுநீரகத்தை மறைத்துவிடும். ஊசிக்கு முன்னால் எடுக்கிற வெறும் படமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே அவர் கதவை விரியத் திறந்துவைத்து, பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்துக் கச்சேரி நடத்துவார். "இது வயிறா, குப்பைத்தொட்டியா? நாளைக்கு வாங்க!" ஒரு நீதிபதிகூட அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு இடது விலாவுக்குக் கீழே வலி வந்தது. "வாயு" என்றார். மூன்று மாதம் வாயுவாகவே இருந்தது. கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டு வாந்தி எடுத்த அன்றைக்குத்தான் பிடித்து ஸ்கேன் செய்தார்கள். இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. கீழே கல் அடைத்திருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "சாயம் போட்டுப் பார்ப்போம் சார். இடது பக்கம் வேலை செஞ்சா கல்லை மட்டும் எடுத்தாப் போதும். இல்லேன்னா சிறுநீரகத்தையே எடுக்கவேண்டி வரும்."

முதுகுப்பக்கம் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி அங்கியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி அவர் மேஜைக்கு நடந்து வந்தார். அந்த அங்கியைப் போடச் சொல்லி எத்தனை பேரை விரட்டியிருப்பார்! வெறும் படத்தை இவள்தான் எடுத்தாள். திரையில் இடது பக்கம் முழுக்க மேகமூட்டம். சிறுநீரகம் இருந்த சுவடே இல்லை.

"மாத்திரை போட்டீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா.

"போட்ட மாதிரிதான்..."

கூட வந்திருந்த மனைவி விட்டாளா! "நாலும் தலையணைக்கு அடியில பத்திரமா இருக்கு டாக்டர். கேட்டா, அதெல்லாம் நோயாளிங்களுக்குத்தான்னு சொல்றார்."

கதவு வழக்கம்போல் திறந்தேதான் இருந்தது. பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'குப்பைத்தொட்டி' இவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாளைக்கு வாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் சாயம் வெளுக்க ஊசியே தேவைப்படவில்லை.

மறுநாள் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் வந்தார். மாத்திரை வஞ்சனையில்லாமல் வேலை செய்திருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டதும், "உடம்பெல்லாம் சூடா இருக்கே" என்று பதறினார். அப்படித்தான் இருக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் அது.

ஐந்தாவது நிமிடப் படம். "மூச்சை விட்டுட்டு அடக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் வலது பக்கம் பளிச்சென்று வெளுத்திருந்தது. இடது பக்கம் இருட்டு. இவள் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக், டொக், டொக். மேஜையை விரலால் தட்டுகிற சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் தக்காளியாகிக் கிடந்தார்.

"ஐயோ, எடுங்க சார்!"

நான் சொல்லாட்டி அப்படியே இருந்துடுவீங்களா என்று கேட்டிருக்கலாம். இவள் கேட்கவில்லை. அவரும் திட்டவில்லை. படம் எப்படி என்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருட அனுபவம், இவள் முகத்திலேயே பார்த்துவிட்டார்.

பதினைந்தாவது நிமிடத்தில் இடது பக்கமும் வெளுத்தது. லேசாக, வேண்டாவெறுப்பாக, ஆனாலும் வெளுத்தது. கல் மட்டும் போயிற்று, சிறுநீரகம் தங்கியது. அடுத்த மாதமே குப்பைத்தொட்டிக் கச்சேரி மறுபடி தொடங்கிவிட்டது. 'எடுங்க' இன்றைக்கும் மறந்துதான் போகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இவள் சொல்லிவிடுகிறாள்.

ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இருந்த பத்து நிமிட இடைவெளியில், கூரையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு, கச்சேரிக் குரல் சுத்தமாக இறங்கிப்போய், அவர் இவளிடம் ஒன்று கேட்டார்:

"ஏம்மா ரேடியோ, அடுத்த படத்துல எது தெரிஞ்சாலும் தெரியட்டும். நீ முதல்ல 'எடுங்க'ன்னு சொல்லிடும்மா. அப்புறமா பாரு."