சாடிக்குள் நீல மணிகள்

போன கிழமை கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய புதுச் சப்பாத்தை எடுத்தபோது உள்ளிருந்து ஒரு சின்னப் பை விழுந்தது. ஈரத்தை உறிஞ்சப் போடுவார்களே, அந்த சிலிக்கா ஜெல் பைதான். சப்பாத்தைப் போட்டுப் பார்க்க மறந்து, பையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் தனியாக இருப்பவனுக்கு இது ஒரு வசதி. என்ன யோசனை என்று கேட்க ஆளில்லை.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பௌதிக ஆராய்ச்சி நிலையம் என்பது மலையடிவாரத்தில் நாலைந்து அறைகள். ஒன்றில் பென்சிலுக்குள் போடும் காரீயத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அங்கே போய் வந்தால் தும்மல்கூடக் கறுப்பாக வரும். அடுத்ததில் வெயிலை மின்சாரமாக்கும் கண்ணாடித் துண்டுகள். அங்கேதான் நான் உதவியாளன். கலஹாவில் பஸ் ஏறுகிற என்னைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் விஞ்ஞானி என்றே நம்பினார்கள். நான் பெரும்பாலும் கண்ணாடி கழுவினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கண்டி மழைதான் உங்களுக்குத் தெரியுமே. ஈரம் பட்டால் அந்தத் துண்டுகள் கெட்டுவிடும். அதனால் தடித்த கண்ணாடிச் சாடிக்குள் வைத்து, அடியில் சிலிக்கா மணிகளைக் கொட்டி, மூடி விளிம்பில் கிரீஸ் பூசி மூடுவோம். காய்ந்த மணி நீலம். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. மின்சாரப் போறணையில் சுட்டால் திரும்பவும் நீலம். முதல் தடவை சூட்டைக் கூட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் எல்லாம் மிளகு மாதிரிக் கறுப்பு.

"பறவாயில்லை, எல்லாரும் ஒருக்கா கருக்கினவைதான்" என்று சிரித்தார் வசந்தி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே என்னோடு தமிழில் பேசிய ஒரே ஆராய்ச்சியாளர். அவருடைய துண்டுகளை அளக்கும் கருவி பழுதாகி, வெளிநாட்டிலிருந்து பாகம் வர வேண்டியிருந்தது. அதற்குள் அவருக்கு வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. போகிற அன்று தன் துண்டுகள் இருந்த சாடியைக் காட்டினார்.

"இதுக்குள்ள ஈரம் போக விடாதேங்கோ. ரெண்டு வருஷத்தில வந்து நானே அளக்கிறன்."

"போயிட்டு வாங்க மிஸ். நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். மணி சிவக்கும்போதெல்லாம் சுட்டேன். களஞ்சியத்தில் இருந்த கலகெதர நஸீர் நாநா, "என்ன தம்பி, இன்னைக்கும் மணி வறுக்கிறதா?" என்று கேலி செய்வார். சில வருடங்களில் அவரும் கேலியை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பாகம் வந்தது, மிஸ் வரவில்லை. பிறகு கருவியே பழசாகிக் கழிவுக்குப் போனது. மாடிக் கட்டடங்கள் எழுந்தன. சாடியை நானே தூக்கிக்கொண்டு கட்டடம் மாறினேன். வீட்டில் பெண் பார்த்தார்கள், இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்வேன்? மணி இன்னும் நீலமாக இருக்கிறது என்றா?

கடைசியில் மிஸ் வந்தார், ஒரு நாள் சொற்பொழிவுக்கு. தலை நரைத்திருந்தது. முதல் நாளே மணிகளைச் சுட்டு வைத்திருந்தேன். கூட்டம் கலைந்ததும் சாடியைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன்.

"இதென்ன?"

"உங்க சாம்பிள் மிஸ்."

குனிந்து பார்த்தார். "ஐயோ, இதை இன்னும் வச்சிருக்கிறியளோ? எறிஞ்சிருக்கலாமே."

அன்பாகத்தான் சொன்னார். கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார். என் பெயரை மட்டும் சொல்லவே இல்லை. நானும் சிரித்துவிட்டு, சாடியோடு கழுவும் அறைக்குப் போய் அழுதேன். அவர் மேல் கோபமில்லை. போகிற அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்குள் நான் குடியிருந்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த முறை மணிகள் சிவந்தபோது போறணையில் வைக்கவில்லை.

இப்போது அங்கே எல்லாம் காற்றே நுழையாத இரும்புப் பெட்டிகளாம். நஸீர் நாநா மௌத்தாகிவிட்டார். சாடி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

சப்பாத்துப் பையைக் கத்தரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மணிகள். நீலச் சாயம் நஞ்சு என்று இப்போது இப்படித்தான் செய்கிறார்களாம். தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசில் கொட்டி யன்னலோரம் வைத்தேன். வெளியே மழை. அவை ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். பார்த்தால் தெரியாது.